ஹாட் டப் அடுப்புக்கு எந்த விறகு? எவ்வளவு காய்ந்தது, எந்தக் கனம், எத்தனை கிலோ

விறகில் சூடாகும் ஹாட் டப்பை பின்லாந்தில் பல்யு என்பார்கள், ஸ்வீடனில் பாட்டுன்னா, நார்வேயில் பாதெஸ்டாம்ப். பனி விழும் ஊர்களில் மலைக்குடிலோ ஏரிக்கரை காட்டேஜோ வாடகைக்கு எடுத்தால் இப்படி ஒரு மரத்தொட்டி முற்றத்தில் இருப்பது இப்போது சாதாரணம். ஆஸ்லோ, டொரோண்டோ, லண்டன் பக்கம் வாழும் நம்மவர்கள் பலர் சொந்தமாகவே வாங்கி வைத்திருக்கிறார்கள். எல்லா இடத்திலும் வரும் புகார் ஒன்றுதான்: பெட்ரோல் பங்கில் வாங்கிய இரண்டு மூட்டை விறகும் தீர்ந்தது, மூன்று மணி நேரமும் போனது, தண்ணீர் இன்னும் 24 டிகிரியில் நிற்கிறது, புகை மட்டும் பக்கத்து வீடு வரை போகிறது. அடுப்பு மட்டம் என்று முடிவு கட்டிவிடுவார்கள். பெரும்பாலும் அடுப்பில் குறை இருக்காது. விறகில் ஈரம் இருக்கும், அல்லது விறகைத் தேவைக்கு மேல் கனமாகப் பிளந்திருப்பார்கள்.

எந்த மரம் நல்லது என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. அது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதலில் ஈரம், அடுத்து கனம், அதற்குப் பிறகுதான் மரத்தின் வகை. காரணம் இந்த அடுப்பின் அமைப்பிலேயே இருக்கிறது.

குளிர்ந்த சுவர்

வீட்டுக்குள் எரியும் விறகு அடுப்பின் உட்சுவர் செங்கல்லாலோ வெப்பம் தாங்கும் வெர்மிகுலைட் பலகையாலோ ஆனது. அரை மணி நேரத்தில் அது பல நூறு டிகிரிக்குச் சூடேறிவிடும். அந்தச் சூட்டில், கொஞ்சம் ஈரமான விறகிலிருந்து வரும் புகைகூட அங்கேயே எரிந்து தீர்ந்துவிடும். ஹாட் டப் அடுப்பில் அந்த வசதி கிடையாது. தொட்டிக்குள் மூழ்கியிருக்கும் அலுமினிய அடுப்பானாலும், வெளியே நின்று இரண்டு குழாயால் தொட்டியோடு இணைந்திருக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அடுப்பானாலும், சுவரின் மறுபக்கம் தண்ணீர்தான். தீ மூட்டும் நேரத்தில் அந்தத் தண்ணீர் 5 டிகிரியோ 10 டிகிரியோ இருக்கும். சுவாலை அந்தத் தகட்டைத் தொட்டதும் குளிர்ந்துபோகிறது. எரியாமல் மிஞ்சிய வாயு அங்கேயே படிந்து தார் ஆகிறது.

ஊரில் செம்பு பாய்லரின் நடுக்குழாயில் சிரட்டையும் சுள்ளியும் போட்டு வெந்நீர் வைத்தவர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான். மழைக்காலத்தில் ஈரச் சுள்ளி போட்டால் குழாயின் உள்பக்கம் கறுப்புப் பிசின் வழியும். தண்ணீர் சூழ்ந்த அடுப்புகள் எல்லாவற்றுக்கும் இந்தக் குணம் உண்டு. வீட்டு அடுப்பு மன்னித்துவிடும் ஈரத்தை இந்த அடுப்பு மன்னிக்காது.

இதில் பலரைப் பயமுறுத்தும் ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடலாம். தீ மூட்டிய முதல் அரை மணி நேரத்தில் அடுப்பின் உட்சுவரில் துளித் துளியாக நீர் பூத்து, ஒழுகி, சாம்பலில் விழுந்து 'சுர்' என்று சத்தம் போடும். வெல்டிங் விட்டுவிட்டது என்று நினைத்து விற்றவருக்குப் போன் போடுவார்கள். அது விறகின் நீர்தான். முற்றிலும் உலர்ந்த விறகு என்றாலும், ஒரு கிலோ எரியும்போது அதிலுள்ள ஹைட்ரஜன் காற்றோடு சேர்ந்து அரை லிட்டர் அளவு நீராவியை உண்டாக்கும். அது குளிர்ந்த தகட்டில் பட்டு வியர்க்கிறது. தொட்டி சூடாகச் சூடாக வியர்வை குறையும். உண்மையிலேயே ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க, தீ மூட்டாமல் தண்ணீரை மட்டும் நிரப்பி ஓர் இரவு விடுங்கள். காலையில் உட்புறம் காய்ந்திருந்தால் அடுப்பு நன்றாக இருக்கிறது. ஈர விறகானால் இந்த வியர்வை இரண்டு மடங்காகி, சாம்பலையும் தணலையும் சேறாக்கி, தீயையே அணைத்துவிடும்.

எவ்வளவு விறகு வேண்டும்

கணக்கு எளிது. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 1.163 வாட் மணி வேண்டும். ஆறு பேர் உட்காரும் நடுத்தரத் தொட்டி 1500 லிட்டர் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால், 10 டிகிரியிலிருந்து 38 டிகிரிக்குக் கொண்டுபோக 49 கிலோவாட் மணி வெப்பம் தண்ணீருக்குள் போக வேண்டும். நன்கு காய்ந்த விறகு, அதாவது எடையில் 20 சதவீதத்துக்குள் ஈரம் உள்ளது, கிலோவுக்கு 4 கிலோவாட் மணி தரும். அதில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீருக்குப் போய்ச் சேர்ந்து, மீதி புகைபோக்கி வழியே போகும் என்று கொண்டால், 18 முதல் 19 கிலோ விறகு. தொட்டியிலிருந்து வெளியேறும் சூட்டுக்காக இன்னும் சில கிலோ சேர்த்து 22 கிலோ கையிருப்பு வைத்துக்கொள்ளுங்கள். சூடாகும் வரை மூடி போட்டிருக்க வேண்டும் என்பது இந்தக் கணக்கின் நிபந்தனை. குளிர்காற்றில் மூடியில்லாத தொட்டி, ஆவியாகவே சூட்டை இழந்துகொண்டிருக்கும். அதற்கு எத்தனை கிலோ போட்டாலும் போதாது.

மனதில் வைத்துக்கொள்ள ஒரே ஓர் எண் போதும்: 1500 லிட்டர் தொட்டியில், ஒரு கிலோ காய்ந்த விறகு தண்ணீரை ஒன்றரை டிகிரி உயர்த்தும். 1000 லிட்டர் தொட்டியானால் இரண்டு டிகிரிக்குச் சற்று மேல். இந்த எண் நிறுத்த வேண்டிய நேரத்தையும் சொல்லும். தண்ணீர் 37 டிகிரி காட்டும்போது அடுப்பில் இன்னும் மூன்று கிலோ எரியாமல் இருந்தால், அது தண்ணீரை 41 டிகிரிக்கு மேல் கொண்டுபோய்விடும். 40 டிகிரிக்கு மேல் உள்ளே உட்காரக் கூடாது. ஆகவே 34, 35 டிகிரியில் விறகு போடுவதை நிறுத்திவிட வேண்டும்.

பச்சையாக வெட்டிய மரத்தில் எடையில் பாதி நீராக இருக்கும். அந்த விறகு கிலோவுக்கு 2.2 கிலோவாட் மணிதான் தரும்; காய்ந்த விறகில் பாதிக்குக் கொஞ்சம் கூடுதல். இதை மட்டும் பார்த்து 'இரண்டு மடங்கு போட்டால் சரியாகிவிடுமே' என்று நினைக்கக் கூடாது. இருபது கிலோ பச்சை விறகு போட்டால் பத்து லிட்டர் தண்ணீரை அந்தச் சின்னத் தீயறைக்குள் ஊற்றியதற்குச் சமம். அதை ஆவியாக்கவே கிட்டத்தட்ட 7 கிலோவாட் மணி போகும். அறையின் சூடு இறங்கும், புகை எரியாது, மூன்றில் இரண்டு பங்கு தண்ணீருக்குப் போகும் என்ற கணக்கும் சரிந்துவிடும்.

காய்ந்ததா என்று பார்ப்பது

ஊசி வைத்த ஈரமானி மலிவாகவே கிடைக்கிறது, கட்டாயம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பலரும் அதைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள். கட்டையின் முனையிலோ பட்டையிலோ குத்தினால் எப்போதும் நல்ல எண்தான் வரும், ஏனென்றால் அந்த இடங்கள்தான் முதலில் காயும். கட்டையை அப்போதே கோடாரியால் பிளந்து, புதிதாகத் திறந்த முகத்தின் நடுவில், நாரோட்டத்தை ஒட்டி இரண்டு ஊசியையும் அழுத்திப் படியுங்கள். மூட்டைக்கு மூன்று கட்டையாவது பார்க்க வேண்டும். உறைந்த விறகில் மானி பொய் சொல்லும். பனிக்கட்டி மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாததால் ஈர விறகும் காய்ந்ததுபோல் காட்டும். முதல் நாள் இரவே இரண்டு கட்டையை வீட்டுக்குள் வைத்து, மறுநாள் பிளந்து பாருங்கள்.

இன்னொரு நுணுக்கம். பெரும்பாலான ஊசிமானிகள் உலர்ந்த மரத்தின் எடைக்கு இத்தனை சதவீதம் நீர் என்று காட்டும். விறகு வியாபாரத்தில் பேசுவது மொத்த எடையில் இத்தனை சதவீதம் என்ற கணக்கு. மானி 25 என்று காட்டினால் வியாபாரக் கணக்கில் அது 20. இரண்டில் எதுவானாலும், மானியில் 20க்குக் கீழே இருந்தால் ஹாட் டப்புக்குத் தாராளமாகப் போதும். 15க்குக் கீழே போக மெனக்கெட வேண்டாம்.

மானி இல்லையென்றால் ஒரு சமையலறை வழி உண்டு. பிளந்த கட்டையின் நடுவிலிருந்து 500 கிராம் சீவல்களை எடுத்து, 105 டிகிரி ஓவனில் வைத்து, எடை குறைவது நிற்கும் வரை சில மணிக்கொரு தடவை நிறுத்துப் பாருங்கள். கடைசியில் 400 கிராம் நின்றால் ஈரம் 20 சதவீதம். 300 கிராம் நின்றால் 40 சதவீதம். அந்த விறகை அடுத்த ஆண்டுக்கு எடுத்துவையுங்கள்.

கடைவாசலில் நின்றபடியே பார்க்க: முனையில் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓடும் வெடிப்புகள், தொட்டாலே கழன்றுவரும் பட்டை, இரண்டு கட்டையைத் தட்டினால் 'டங்' என்று கேட்கும் ஓசை. ஈரமானால் 'தொப்' என்று அடங்கிய சத்தம்தான் வரும். பிர்ச், ஆஷ் போன்ற அகன்ற இலை மரங்களில் இன்னொன்றும் செய்யலாம். ஒரு முனையில் பாத்திரம் தேய்க்கும் சோப்புத் திரவத்தைத் தடவி, மறுமுனையில் வாயை வைத்து அழுத்தி ஊதுங்கள். காய்ந்த கட்டையானால் தடவிய முனையில் சின்னச் சின்னக் குமிழிகள் எழும். மரத்தின் நீர்க்குழாய்கள் காலியாகி, மூச்சு ஊடே போகிறது என்று அர்த்தம். பைன், ஸ்ப்ரூஸ் போன்ற ஊசியிலை மரங்களில் அப்படி நீண்ட குழாய்கள் கிடையாது. அவற்றில் குமிழி வராததை வைத்து ஈரம் என்று முடிவுகட்ட வேண்டாம்.

இங்கிலாந்தில் 2021 மே 1 முதல், இரண்டு கன மீட்டருக்குக் குறைவாக விற்கும் விறகு 20 சதவீத ஈரத்துக்குள் இருக்க வேண்டும் என்பது சட்டம். 'ரெடி டு பர்ன்' முத்திரையை மூட்டையில் தேடுங்கள். முத்திரை இருந்தாலும் அந்த மூட்டை மழையில் கடைக்கு வெளியே எத்தனை நாள் கிடந்தது என்பதை அது சொல்லாது. சூளையில் உலர்த்திய விறகும் ஈரக்காற்றில் மறுபடி நீர் குடிக்கும்.

கனம்

சந்தையில் வரும் விறகு வீட்டு அடுப்புக்காகப் பிளந்தது. 10 முதல் 15 சென்டிமீட்டர் கனம். ஹாட் டப்புக்கு அது மிகையான கனம். வீட்டு அடுப்பு மெதுவாக, நாள் முழுக்கச் சூடு தர வேண்டும். ஹாட் டப் அடுப்பின் வேலை இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிய வேண்டும். தண்ணீருக்கு 25 கிலோவாட் தரும் அடுப்பு முழு வேகத்தில் மணிக்கு ஒன்பது, பத்து கிலோ விறகு தின்னும். கால் மணிக்கு இரண்டரை கிலோ. அந்த வேகத்தில் எரிய, தீ பற்றும் பரப்பு அதிகம் வேண்டும். மணிக்கட்டின் கனம், அதாவது 5 முதல் 7 சென்டிமீட்டர், சூடேற்றும் கட்டத்துக்குச் சரியான அளவு. கையளவு கனமுள்ள கட்டைகளை ஒரு நான்கைந்து மட்டும் கடைசிக்கு ஒதுக்கி வையுங்கள்.

வாங்கிய மூட்டையை அப்படியே போடாமல், ஒவ்வொரு கட்டையையும் இரண்டாகவோ நான்காகவோ பிளந்துவிட்டுப் போடுங்கள். இந்த ஒரு வேலை மட்டும் ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தும். வேறு எந்த மாற்றத்துக்கும் இவ்வளவு பலன் கிடையாது. மாறாக, விரல் கனத்துக்குச் சிராய்களாக்கி அறை நிறையப் போட்டால், சுவாலை முழுவதும் புகைபோக்கிக்குள் ஏறி அங்கே எரியும். தண்ணீருக்குப் போக வேண்டிய சூடு வானத்துக்குப் போகும், புகைபோக்கியின் அடிப்பாகம் நீலம் பாரித்துவிடும்.

நீளம் தீயறையின் ஆழத்தைவிட 5 சென்டிமீட்டராவது குறைவாக இருக்க வேண்டும். 33 சென்டிமீட்டர் வெட்டு பெரும்பாலான அடுப்புகளுக்குப் பொருந்தும். கதவை இடித்துக்கொண்டு நிற்கும் கட்டை கதவின் கயிறு அடைப்பைக் கெடுத்து, இடுக்கு வழியே புகையைக் குளிப்பவர்கள் முகத்தில் விடும்.

இப்போது மரம்

எந்த மரமானாலும் ஒரே ஈரத்தில் ஒரு கிலோ கொடுக்கும் சூடு ஏறக்குறைய ஒன்றுதான். ஊசியிலை மரங்களில் பிசின் இருப்பதால் கிலோவுக்கு ஒரு துளி கூடவே வரும். வித்தியாசம் கன அளவில்: உலர்ந்த பீச்சும் ஓக்கும் கன மீட்டருக்கு 700 கிலோ அளவில் நிற்கும், பிர்ச் 600க்குச் சற்று மேல், பைன் 500 அளவில், ஸ்ப்ரூஸ் 450க்கு அருகே. மூட்டைக் கணக்கில் காசு கொடுப்பவர் இதைப் பார்க்க வேண்டும். ஒரே விலைக்கு ஒரு மூட்டை ஸ்ப்ரூஸைவிட ஒரு மூட்டை பிர்ச்சில் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் சூடு கிடைக்கும்.

ஹாட் டப்புக்கு ஸ்ப்ரூஸையும் பைனையும் தாழ்வாக எண்ண வேண்டியதில்லை. 'ஊசியிலை மரம் தார் படியும்' என்று ஆங்கிலம் பேசும் நாடுகளில் ஒரு பயம் பரவலாக இருக்கிறது. நார்வேயிலும் பின்லாந்திலும் தலைமுறை தலைமுறையாக அதையும் எரிக்கிறார்கள். தார் ஈரத்தாலும் காற்றுப் போதாமையாலும் வருவது. காய்ந்த ஸ்ப்ரூஸ் சட்டென்று பற்றி, நீண்ட சுவாலை விட்டு, பத்தே நிமிடத்தில் சூட்டைக் கொட்டிவிடும்; குளிர்ந்த தகட்டைச் சூடாக்க அதுதான் வேண்டும். அதன் குறை பொறி பறப்பது. படபடவென்று வெடிக்கும். புகைபோக்கி உச்சியில் பொறித்தடுப்பு வலை இல்லாமல் ஸ்ப்ரூஸ் எரித்தால் தொட்டியின் மூடி, வேலி, துண்டு எல்லாவற்றிலும் ஓட்டை விழும். ஈர விறகானால் அந்த வலையே தாரில் அடைத்து, புகை கதவு வழியே திரும்பும். காய்ந்த விறகு எரித்தும் புகை திரும்பினால் முதலில் வலையைப் பாருங்கள்.

பிர்ச் எல்லாவற்றுக்கும் ஏற்ற நடுவாந்திர மரம். கனமும் உண்டு, நல்ல சுவாலையும் உண்டு, பொறி குறைவு. அதன் வெள்ளைப் பட்டை ஈரத்திலும் பற்றும் என்பதால் தீ மூட்ட ஒரு கை பட்டை போதும். நிறையப் போட்டால் கறுப்புப் புகைக்கரி கொட்டும். பிர்ச் வாங்கும்போது பட்டையோடு முழு உருளையாக அடுக்கி வைத்திருந்ததா என்று கேளுங்கள். பட்டை நீரை வெளியே விடாது. பிளக்காத பிர்ச் உள்ளுக்குள்ளேயே உளுத்துப்போய், பார்க்கக் கட்டையாக இருந்தாலும் கையில் எடுத்தால் தக்கைபோல் இருக்கும்.

ஆஷ் மரத்தைப் 'பச்சையாகவே எரிக்கலாம்' என்று சொல்வதுண்டு. பச்சை ஆஷில் மூன்றில் ஒரு பங்குதான் நீர் என்பதால் வந்த பேச்சு. திறந்த கணப்பில் அது எரியலாம், இந்த அடுப்பில் வேண்டாம். ஓக், பீச், மேப்பிள் மூன்றும் சூட்டைப் பிடித்துவைக்கும் தணல் மரங்கள். கடைசிக் கட்டத்துக்கு அருமை, தொடக்கத்துக்கு மந்தம். ஓக் பிளந்து அடுக்கி இரண்டு கோடை பார்க்காமல் அடுப்புக்கு வரக் கூடாது. வில்லோவும் பாப்லரும் ஓசியில் கிடைத்தால் எரிக்கலாம், காசு கொடுக்க வேண்டாம்.

ஒண்டாரியோவில் காட்டேஜுக்குப் போகிறவர்கள் நகரத்திலிருந்து விறகைக் காரில் ஏற்றிப் போகாதீர்கள். ஆஷ் மரங்களைக் கொல்லும் எமரால்டு ஆஷ் போரர் வண்டு 2002இல் விண்ட்சரில் கண்டுபிடிக்கப்பட்டது. விறகுக்குள் ஒளிந்து ஊர்விட்டு ஊர் போவதே அதன் பெரிய வழி. எரிக்கும் ஊரிலேயே வாங்குங்கள்.

கட்டியும் பெல்லட்டும்

மரத்தூளை அழுத்திச் செய்த பிரிக்கெட் கட்டியில் ஈரம் 10 சதவீதத்துக்கும் கீழே, கிலோவுக்கு 4.7 கிலோவாட் மணி வரை வரும். நல்ல விறகு கிடைக்காத இடத்தில் இதுதான் நம்பகமான வழி. ஆனால் தனியாகப் போட்டு அறையை நிரப்பக் கூடாது. எரியும்போது கட்டி பெருத்து உடையும், சூடு ஒரே இடத்தில் குவியும். குழாய் வழியே தண்ணீர் தானாகச் சுற்றும் வெளி அடுப்பில் இதன் விளைவு காதில் விழும்: மேல் குழாய்க்குள் 'டம் டம்' என்று சுத்தியலால் அடிப்பதுபோல் ஓசை. அடுப்பைச் சுற்றியுள்ள நீர் உறைக்குள் தண்ணீர் கொதித்து ஆவிக் குமிழி உடைகிற சத்தம் அது. கேட்டதும் காற்றுத் தடுப்பைச் சாத்தி, உள்ளே போகும் காற்றைக் குறைத்து, துடுப்பால் தொட்டித் தண்ணீரைக் கலக்கிவிடுங்கள். குழாயின் வாயை ஏதாவது அடைத்திருக்கிறதா, நீர்மட்டம் மேல் குழாய்க்கு மேலே இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு தடவைக்கு ஒன்று அல்லது இரண்டு கட்டி, மீதி விறகு என்று கலந்தால் இந்தத் தொல்லை வராது. கட்டியில் ஒரு சொட்டு மழை பட்டாலும் தவிடாக உதிர்ந்துவிடும், உறையோடு வீட்டுக்குள் வையுங்கள்.

மரத்தூளை அழுத்திச் செய்த சின்னக் குச்சிகளான பெல்லட்டை அள்ளித் தீயில் கொட்டினால் குவியலாகி, காற்றை அடைத்து, மஞ்சள் புகை கக்கும். அதற்கென்று ஓட்டைகள் போட்ட கூடையோ பெல்லட் பர்னரோ வேண்டும். அப்படிப்பட்ட அடுப்பு இருந்தால் 'ஈஎன் பிளஸ் ஏ1' தரம் வாங்குங்கள், சாம்பல் 0.7 சதவீதத்துக்குள் இருக்கும்.

நிலக்கரி வேண்டாம்

நல்ல ஆந்த்ரசைட் கரி கிலோவுக்கு விறகைப்போல் இரண்டு மடங்கு சூடு தரும் என்பதால் ஆசை வருவது இயல்பு. அடுப்போடு வந்த கையேட்டில் கரி போடலாம் என்று தெளிவாக எழுதியிருந்தால் மட்டுமே போடுங்கள். பெரும்பாலான கையேடுகள் தடுக்கின்றன. காரணங்கள் திடமானவை. கரிக்குக் காற்று அடியிலிருந்து, கம்பித்தட்டின் ஊடே வர வேண்டும். விறகு அடுப்புகள் பலவற்றில் அந்தத் தட்டே கிடையாது. கரியின் கந்தகம், நாம் முன்னே பார்த்த வியர்வை நீரில் கரைந்து அமிலமாகி, ஸ்டீல் வெல்டிங்கை அரிக்கும். அலுமினியம் 660 டிகிரியில் உருகும். மறுபக்கம் தண்ணீர் இருக்கும் வரை தாங்கும், நீர்மட்டம் கொஞ்சம் இறங்கினாலும் கரியின் சூட்டில் தாங்காது. எல்லாவற்றுக்கும் மேல், கரியை நிறுத்த முடியாது. விறகு போடுவதை நிறுத்தினால் அரை மணியில் சுவாலை அடங்கும், கரித்தணல் பல மணி நேரம் தண்ணீரைச் சூடாக்கிக்கொண்டே இருக்கும். இங்கிலாந்தில் வீட்டு உபயோக நிலக்கரியைப் பையில் விற்பது 2021 மே மாதத்திலும், சில்லறையாக அள்ளி விற்பது 2023 மே மாதத்திலும் நின்றுவிட்டது.

பார்பிக்யூ அடுப்புக்கரியும் வேண்டாம். சுவாலையில்லாத தணலிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும், மணம் கிடையாது. குளிர்காற்றைத் தடுக்கத் தொட்டியைச் சுற்றித் தார்ப்பாய் கட்டி மூடுபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். விறகுத் தணலுக்கும் இது பொருந்தும். ஒரு பக்கமாவது முழுதாகத் திறந்திருக்கட்டும்.

தீயில் போடவே கூடாதவை

குளிப்பவர்களின் மூக்கு புகைபோக்கியிலிருந்து இரண்டு மீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. வண்ணமோ வார்னிஷோ பூசிய பலகை, எம்.டி.எஃப்., ஒட்டுப்பலகை, ரயில் ஸ்லீப்பர், பச்சை சாயல் படிந்த பழைய டெக் பலகை எதுவும் வேண்டாம். அந்தப் பச்சை, மரம் உளுக்காமலிருக்க ஏற்றிய செம்பு உப்பு. பழையதானால் கூடவே ஆர்சனிக்கும் இருக்கும், சாம்பலிலும் தங்கும். கடற்கரையில் பொறுக்கிய கட்டை காய்ந்து வெளுத்து அழகாக இருக்கும், உள்ளே உப்பு. அந்தக் குளோரைடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் குண்டூசித் துளைகள் போடும். பிளாஸ்டிக் குப்பையும் அதே வேலையைச் செய்யும்.

சரக்கு அடுக்கும் பேலட் பலகையில் சூடு போட்ட முத்திரையைப் பாருங்கள். 'எச்.டி.' என்றால் வெறும் வெப்பத்தால் பதப்படுத்தியது, எரிக்கலாம். 'எம்.பி.' என்றால் மெத்தில் புரோமைடு புகையூட்டியது, தொடாதீர்கள். முத்திரையே இல்லாததையும், எண்ணெய்க் கறை உள்ளதையும் ஒதுக்குங்கள். பேலட் மெல்லிய பலகை, சருகுபோல் எரியும். தீ மூட்டவும் முதல் கால் மணிக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எரிக்கும் வரிசை

முதலில் தண்ணீர். வெளி அடுப்பில் மேல் குழாய்க்கு மேலேயும், மூழ்கும் அடுப்பில் கையேடு சொல்லும் கோட்டுக்கு மேலேயும் நிரம்பும் வரை தீக்குச்சியைத் தொட வேண்டாம். அடியில் மணிக்கட்டுக் கனத்தில் நான்கு ஸ்ப்ரூஸ் அல்லது பைன் கட்டை, கட்டைகளுக்கு இடையில் விரல் இடைவெளி. அதன்மேல் குறுக்காகப் பத்துப் பன்னிரண்டு சிராய், உச்சியில் மெழுகு ஏற்றிய மரச்சுருளோ பிர்ச் பட்டையோ. மேலிருந்து பற்றவையுங்கள். தீ கீழ்நோக்கி இறங்கும்போது கீழ்க்கட்டையிலிருந்து எழும் புகை சுவாலை வழியாகவே மேலே போய் எரிந்துவிடும். பெட்ரோல், டீசல் ஊற்றுவது உயிரோடு விளையாட்டு.

காற்றுத் தடுப்பு முழுதாகத் திறந்திருக்கட்டும். முதல் முக்கால் மணிக்குக் கால் மணிக்கொரு தடவை இரண்டரை கிலோ ஸ்ப்ரூஸ். தண்ணீர் 20 டிகிரி தாண்டியதும் பிர்ச். 34 டிகிரியில் கடைசியாகக் கையளவு கனமுள்ள கட்டை ஒன்று, அதோடு நிறுத்தம். தீயறையில் பாதிக்கு மேல் எப்போதும் நிரப்ப வேண்டாம், சுவாலைக்கு இடம் வேண்டும். புகையைப் பார்த்துக்கொண்டே இருங்கள்: அடர்ந்த வெள்ளை என்றால் ஈரம் வெளியேறுகிறது, மஞ்சள் கலந்த சாம்பல் நிறம் என்றால் காற்றுப் போதவில்லை, புகைபோக்கி உச்சியில் காற்று நெளிவது மட்டும் தெரிந்தால் சரியாக எரிகிறது. உள்ளே உட்கார்ந்த பிறகு சூட்டைக் காக்க அரை மணிக்கு ஒரு கட்டை போதும்.

தணலை வைத்துக்கொண்டு காற்றை முழுக்க அடைத்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். அந்த நேரத்தில்தான் புகைபோக்கியில் தார் அதிகம் படியும், கார்பன் மோனாக்சைடும் அதிகம் வரும். எரிந்து தீரட்டும்.

சாம்பல் அதிகம் வராது. இருபது கிலோ காய்ந்த விறகுக்கு நூறு, இருநூறு கிராம். ஒரு நாள் முழுக்க ஆறவிட்டு, மூடியுள்ள இரும்பு வாளியில் அள்ளுங்கள். அலுமினிய அடுப்பு வைத்திருப்பவர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது: விறகுச் சாம்பல் ஈரம் பட்டால் காரநீர் ஆகிவிடும், காரநீர் அலுமினியத்தைத் தின்னும். வார இறுதியில் பயன்படுத்திவிட்டு அடுத்த மாதம்தான் வருவீர்கள் என்றால், சாம்பலை வழித்து, துணியால் துடைத்து, புகைபோக்கிக்குத் தொப்பி போட்டு மழைநீர் உள்ளே இறங்காமல் மூடிவிட்டுக் கிளம்புங்கள். அடுத்த தடவைக்கான சிராயையும் கீழ்வரிசைக் கட்டைகளையும் அப்போதே பிளந்து கூரைக்குள் அடுக்கிவிட்டால், பனி பெய்யும் மாலையில் வந்து இறங்கியதும் தீ மூட்டலாம்.